குதிரை மசாலில் மாட்டை மேய விடலாமா?

கொறங்காடு என்கிற மானாவாரி மேய்ச்சல் நிலத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் நிற்கும், ஓரத்தில் வெள்வேல் நிழல் இருக்கும், மாடு அதுபாட்டுக்கு மேயும். அந்தக் கணக்கை அப்படியே கிணற்றுப் பாசன வயலுக்குக் கொண்டுவந்து, "அறுத்துப் போட ஆளுக்கு எங்கே போவது, மசால் போட்டு நேரே மேய விட்டுவிடலாம்" என்கிறவர்கள் உண்டு. விடலாம், தப்பில்லை. அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியில் கறிமாடும் கறவை மாடும் குதிரை மசாலில் மேய்ந்துதான் வளர்கின்றன. ஆனால் அங்கே எப்படி மேய்க்கிறார்கள் என்று கேட்காமல் இறங்கினால், முதல் வாரத்திலேயே வயிறு உப்பி மாட்டை இழக்க நேரலாம்.

"பனி காய்ந்த பிறகு விட்டால் உப்புசம் வராது" என்பதுதான் அதிகம் புழங்கும் நம்பிக்கை. இது பாதி உண்மை. ஈர இலையில் ஆபத்து கொஞ்சம் கூடும். அதற்காக வெயில் ஏறியதும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. உப்புசத்துக்குக் காரணம் இலைக்குள் இருக்கும் கரையும் புரதம். அசை போடும் மாட்டின் முதல் வயிற்றில் எந்நேரமும் வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். மாடு அதை ஏப்பமாக விட்டுவிடும். இளம் மசாலை வயிறு முட்டத் தின்றால், அந்த வாயு புளித்துப் பொங்கிய இட்லி மாவு போல நுரைக்குள் சிக்கிக்கொள்கிறது. நுரையை ஏப்பம் விட முடியாது. இடுப்பெலும்புக்கு முன்னால் இடது பக்கம் இருக்கும் குழி மேடாகும். தட்டினால் மத்தளம் கொட்டும். மாடு படுத்து எழுந்து, வயிற்றைக் காலால் உதைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு சில மணி நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

இந்த இடத்தில் இன்னொரு தவறான நம்பிக்கை குறுக்கே வருகிறது: "ஊசி குத்தினால் காற்று போய்விடும்." வெறும் காற்றென்றால் போகும். நுரை ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். முதலில் நுரையை உடைக்க வேண்டும். அதற்குச் சமையல் எண்ணெயே உதவும். பெரிய மாட்டுக்குக் கால் முதல் அரை லிட்டர் வரை கொடுக்கலாம். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், கவனம். எண்ணெய் கொடுத்தாகிவிட்டதே என்று இருந்துவிடாமல் கால்நடை மருத்துவரையும் கூப்பிடுங்கள்.

"அந்தக் காலத்தில் குதிரைக்கு எவ்வளவு போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லையே?" குதிரை அசை போடும் பிராணி இல்லை. அதற்கு அந்த முதல் வயிறே கிடையாது என்பதால் இந்த நுரை உப்புசமும் கிடையாது. ஆட்டுக்கும் வராது என்பது மட்டும் பொய். மாட்டைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

வெறும் வயிற்றோடு எந்த உருப்படியையும் மசாலுக்குள் விடக்கூடாது. முதலில் சோளத்தட்டோ வைக்கோலோ தின்று வயிறு நிறைந்திருக்க வேண்டும். பயிர் பூவெடுக்கும் பருவத்துக்கு வந்திருந்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்; சத்தும் கொஞ்சம் குறையும், அந்த நஷ்டம் பரவாயில்லை. பலரும் நம்ப மறுக்கும் விஷயம் இன்னொன்று உண்டு. இரவில் பட்டியில் அடைத்துக் காலையில் திரும்ப விடுகிற மாட்டுக்குத்தான், வயலிலேயே தொடர்ந்து பழகிய மாட்டைவிட உப்புசம் அதிகம் வருகிறது. பசியோடு வந்து வாரித் தின்பதுதான் காரணம். அறுத்து ஒரு நாள் வாட்டிப் போட்டாலும் ஆபத்து நன்றாகக் குறையும். கூலி கட்டுமென்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

அடுத்தது, "மேய மேயத் தழையும்." கொழுக்கட்டைப் புல்லுக்கு இது ஓரளவு சரி. மசால் அப்படியில்லை. மண்ணையொட்டி இருக்கும் தூரில்தான் அதன் மறுதழைவு மொட்டுகள் இருக்கின்றன. தழைவதற்கான சேமிப்பு ஆணிவேரில் இருக்கிறது. தழைந்த இரண்டு இலையை மாடு மறுபடி மறுபடி கடித்தால் சேமிப்பு தீர்ந்து செடி சாகும். ஆகவே வயலைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒரு துண்டில் ஒரு வாரத்துக்கு மேல் விடாமல், அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் ஓய்வு கொடுக்க வேண்டும். பாம்பாஸிலும் செய்வது இதைத்தான். கனடாவின் ஸ்விஃப்ட் கரண்டில் 1955-இல் வெளியிட்ட 'ராம்ப்ளர்', பின்னாளில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உருவான 'ஆல்ஃபாகிரேஸ்' ஆகியவை மேய்ச்சலை மனதில் வைத்து வளர்த்தெடுத்த ரகங்கள். நம் கையில் இருக்கும் கோ 1, ஆனந்த் 2 இரண்டும் அறுப்புக்கான ரகங்கள். அவற்றிடம் அதே பொறுமையை எதிர்பார்க்கக் கூடாது. மழைக்காலத்தில் ஈர மண்ணில் மாட்டை இறக்கினால் குளம்பே தூரைச் சிதைத்துவிடும்.

"இருபது சதவீதம் புரதம், பிறகெதற்கு வேறு தீவனம்?" அந்த இருபது, தண்ணீர் போன உலர் எடைக்குச் சொன்னது. பத்துக் கிலோ பச்சை மசாலில் எட்டுக் கிலோ தண்ணீர். மிச்சம் இரண்டு கிலோவில் புரதம் நானூறு கிராம்தான். மசாலையே முழுத் தீவனமாக்கினால் வேறு சிக்கல்: எரிசக்தி போதாமல், மிஞ்சிய புரதம் மூத்திரத்தில் யூரியாவாகப் போகும். சோளம், கம்பு நேப்பியர் மாதிரி புல் தீவனத்தோடு கலந்தால்தான் காசுக்குப் பலன்.

இதோடு ஒட்டிய நம்பிக்கை ஒன்று கொஞ்சம் ஆபத்தானது: "மசாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய, கன்று போடப்போகும் மாட்டுக்குக் கொடுத்தால் பால் காய்ச்சல் வராது." விளைவு பெரும்பாலும் நேரெதிராக இருக்கும். கடைசி வாரங்களில் வாய்வழியே சுண்ணாம்பு தாராளமாக வந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கும் உடம்பின் ஏற்பாடு சோம்பிப் போகும். மசாலில் மிகுந்திருக்கும் சாம்பல் சத்தும் அந்த ஏற்பாட்டைக் கெடுக்கும். கன்று போட்டதும் திடீரெனப் பாலுக்குச் சுண்ணாம்பு தேவைப்படும்போது மாடு விழுந்துவிடும். ஈனுவதற்கு முன் சில வாரங்கள் மசாலைக் குறையுங்கள், ஈன்ற பிறகு கொடுங்கள்.

"பயறு வகைதானே, உரம் வேண்டாம்." தழைச்சத்தை அது தானே பிடித்துக்கொள்ளும், அதற்குரிய ரைசோபியம் இருந்தால். நிலக்கடலைக்கு வாங்கிய பொட்டலம் இதற்கு ஆகாது. மசாலோடு கூடும் நுண்ணுயிர் வேறு. மற்ற சத்துகளை மண்ணிலிருந்துதான் எடுக்கும். ஒரு டன் உலர்ந்த மசால் வயலைவிட்டுப் போனால் கூடவே சுமார் இருபத்தைந்து கிலோ சாம்பல் சத்தும் போகிறது. மேய்ச்சலில் சாணம் திரும்ப விழுமே என்றால், அது பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியடியிலும் மரநிழலிலும்தான் விழுகிறது. அமில மண்ணிலும் தண்ணீர் தேங்கும் மண்ணிலும் எந்த உரமும் இதைக் காப்பாற்றாது.

மூன்றாம் வருடம் வயலில் சொட்டை விழும். "இடைவெளியில் விதை தூவினால் சரியாகிவிடும்" என்று விதை வாங்குவார்கள். பழைய செடிகள் மண்ணில் விடும் பொருள்கள் அதே இனக் கன்றுகளையே முளைவிட்டு வேர்பிடிக்க விடுவதில்லை. தூவிய விதை வீண். உழுது, ஒரு வருடம் சோளமோ மக்காச்சோளமோ போட்டு, பிறகு புதிதாக விதைக்க வேண்டும். அப்போது வாங்கும் விதையைச் சலித்துப் பாருங்கள். அதற்குள் அம்மையார் கூந்தல் விதை கலந்திருந்தால், மஞ்சள் நூலாகப் படர்ந்து பாத்தியையே தின்றுவிடும். மாட்டை விடலாமா என்ற கேள்விக்கே அப்புறம் வேலை இருக்காது.