சிறு பாங்குகளும் மூலதனமும்

காஞ்சிபுரத்தைப் பட்டுக்கும் கோயிலுக்கும் நாம் அறிவோம். நம் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானதும் அவ்வூரில்தான். அவ்வழியில் வளர்ந்தவையே நாடெங்கும் உள்ள நகரக் கூட்டுறவு பாங்குகள். மளிகைக்கடைக்காரருக்கும் தறிக்காரருக்கும் கடன் கொடுக்கும் இப்பாங்குகள் மூலதனம் திரட்டத் திணறுவது ஏன்?

மூலதனம் என்பது பெட்டியில் பூட்டி வைத்த பணமன்று. நஷ்டம் வந்தால் அதை முதலில் ஏற்கும் பங்குதாரர் பணமும் சேமநிதியுமே அது. அது தீர்ந்த பிறகுதான் வைப்பாளர் பணத்துக்கு ஆபத்து. 2022 டிசம்பரில் ரிசர்வ் பாங்கு வகுத்த விதிப்படி, ஆபத்துக்கேற்பக் கணக்கிட்ட சொத்தில் முதல் அடுக்கிலுள்ள சிறு பாங்குகள் நூற்றுக்கு 9 பங்கும், ஏனையவை படிப்படியாக 12 பங்கும் மூலதனம் வைத்திருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கடன் முழுவதும் ஆபத்துடையது எனக் கொண்டால், 9 கோடி மூலதனம் 100 கோடிக் கடனைத் தாங்கும். வாராக் கடனால் 3 கோடி போனால், மிஞ்சும் 6 கோடி தாங்குவது ஏறக்குறைய 67 கோடியே. 3 கோடி நஷ்டத்தால் ஊருக்குக் கிடைக்கும் கடன் 33 கோடி குறைகிறது!

இதை ஈடுசெய்யப் பெரிய பாங்குகள் பங்குச் சந்தைக்குப் போகும். கூட்டுறவு பாங்கிலோ எத்தனை பங்கு வாங்கினும் ஒருவருக்கு ஒரே வாக்கு. பங்கும் முகமதிப்பிலேயே கைமாறும். ஆகவே பணமுள்ளோர் நாடுவதில்லை. கடன் வாங்க வருவோரே பெரும்பாலும் பங்கு வாங்குகின்றனர். கடன் தீர்ந்ததும் அதைத் திருப்பிக் கேட்கின்றனர்.

2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒரு கதவைத் திறந்தது. ரிசர்வ் பாங்கின் அனுமதியுடன் முன்னுரிமைப் பங்குகளையும், பத்தாண்டுக்குக் குறையாத கடன் பத்திரங்களையும், உறுப்பினர்க்கு மட்டுமன்றிப் பாங்கின் எல்லைக்குள் வாழும் பிறருக்கும் விற்கலாம். எனினும் விளக்கப் பத்திரம், தணிக்கை, சட்ட ஆலோசனை ஆகியவற்றின் செலவு, திரட்டும் தொகை சிறிதாவதால் அதே விகிதத்தில் சிறிதாவதில்லை. 100 கோடி திரட்டுபவருக்கு அது தூசு. 1 கோடி திரட்டுபவருக்குப் பெரும் பாரம். எளிய பொதுப் படிவமும், பல பாங்குகள் சேர்ந்து செலவைப் பகிரும் ஏற்பாடும் இங்கு தேவை. 2024 மார்ச்சில் தொடங்கிய தேசிய நகர்ப்புறக் கூட்டுறவு நிதி வளர்ச்சிக் கழகம் இதற்குத் துணையாகலாம்.

ஆனால் படிவத்தைக் குறைப்பது வேறு, பாதுகாப்பைக் குறைப்பது வேறு. 2019 செப்டம்பரில் பம்பாயின் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு பாங்கு முடங்கியது. கடனில் பெரும்பகுதி ஒரே கட்டட நிறுவனக் குழுமத்துக்குப் போயிருந்தது. கணக்கேடுகள் அதை மறைத்தன. வைப்பாளர் முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. ஆதலால் மூலதனம் வரும் வழியை அகலமாக்குவோம். அளவுகோலையும் தணிக்கையையும் தளர்த்த வேண்டாம்.

விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள், தத்தம் ஊர்க் கூட்டுறவு பாங்கின் ஆண்டறிக்கையை வாங்கி, மூலதன விகிதம், வாராக் கடன் என்னும் இரண்டு எண்களை மட்டுமாவது பார்த்து வருக. நம் பெற்றோரின் சேமிப்பு அங்கேயும் இருக்கக்கூடும்.