ராமர் காசு லட்சம் போகுமா?

கேள்வி: பாட்டியின் பெட்டியில் ஒரு செப்புக் காசு கிடைத்தது. ஒருபுறம் ராமர் பட்டாபிஷேகம். மறுபுறம் 'கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818'. பல லட்சம் போகும் என்கிறார்களே, அசல்தானா?

பதில்: இல்லை. போலி என்றுகூடச் சொல்ல முடியாது. மூலமே இல்லாததற்குப் போலி ஏது? கம்பெனி செம்பில் ஒரு அணா அடித்ததே இல்லை. 1835இல் வந்த பொது நாணயங்களில் செம்பாக இருந்தவை அரை அணா, கால் அணா, 1/12 அணா மட்டுமே. ஒரு அணாக் காசு ஏழாம் எட்வர்ட் காலத்தில்தான் வந்தது, அதுவும் நிக்கல் கலவையில். சென்னையில் கம்பெனி தங்க வராகனில் பெருமாளைப் பொறித்ததுண்டு. ராமர், அனுமார் உள்ள இந்த 'அணா'க்களோ பிற்காலத்தில் யாரோ செய்து விற்றவை.

கம்பெனியின் கால் அணா என்று ஏதாவது இருந்தால், அசலா என்று பார்க்கத் தராசில் வையுங்கள்: சுமார் 6.5 கிராம், தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். காந்தத்தில் ஒட்டினால் செம்பே அல்ல. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, முகத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால் அச்சில் அடித்ததல்ல, வார்த்தது. புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். அசலாக இருந்தாலும் மதிப்பு போய்விடும்.

'அரிசியை இழுக்கும் காசு' என்று மோசடிக் கதை சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.