ஆராவமுதன் என்னும் திருநாமம்

காவிரியும் அரசலாறும் வளஞ்செய்யும் திருக்குடந்தையிலே பள்ளிகொண்டருளும் எம்பெருமானுக்கு வடமொழித் திருநாமம் சார்ங்கபாணி. தமிழ்த் திருநாமம் ஆராவமுதன். இவ்விரண்டும் இந்நாட்டு ஸ்ரீவைஷ்ணவக் குடும்பங்களில் ஆண் மகவுக்கு இடப்பட்டு வருவன.

சார்ங்கம் என்பது திருமாலின் வில். பாணி என்பது கை. வில்லைக் கையில் ஏந்தியவன் சார்ங்கபாணி. உலக வழக்கில் அது சாரங்கபாணி என்றாயிற்று. இப்பெயர் பெருமானுடைய அடையாளத்தைச் சொல்லுகிறது. ஆராவமுதன் என்பதோ, அவனை அநுபவிக்கும் அடியாருடைய நிலையைச் சொல்லுகிறது.

ஆர்தல் என்றால் நிறைதல். உண்டு நிறைவு பெறுதல். ஆராத அமுது ஆராவமுது. எவ்வளவு பருகினும் போதும் என்று தோன்றாத அமுது என்பது பொருள். வடமொழியாளர் இதனை ‘அபர்யாப்தாம்ருதம்’ என்பர். தேவர்கள் கடல் கடைந்து பெற்ற அம்ருதம் சாவாமையைத் தருவது. தமிழிலோ அமுது என்பது சோற்றுக்கும் பெயர். சாற்றமுது, கறியமுது, திருக்கண்ணமுது என்று தளிகையிலும் அச்சொல் வழங்குகிறது. நெல் விளையும் இந்நாட்டார் அறிந்த அமுது, வயிறு நிறைந்தால் கைகழுவச் செய்வது. குடந்தைக் கிடந்தானோ, உண்ண உண்ணப் பசியை வளர்க்கும் அமுது.

நம்மாழ்வார் திருவாய்மொழி ஐந்தாம் பத்தில், எட்டாந் திருவாய்மொழியை இத்திருநாமத்தாலேயே தொடங்கினார். பிற்காலத்தில் ஆழ்வார்களின் பாசுரங்கள் வழக்கொழிந்து போயின. அந்நாளில் காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் இப்பதிகத்தைச் சேவிக்க, நாதமுனிகள் செவிமடுத்தார். ஆயிரத்துள் இவை பத்து என்னும் குறிப்பு அதன் நிகமனப் பாசுரத்தில் உண்டு. எஞ்சியவை எங்கே என்று வினவினார், வந்தவர்கள் அறியார். பத்தோடு அவர் திருவுள்ளம் ஆறவில்லை. குடந்தைக்குச் சென்று பெருமானைத் தொழுது, அங்கிருந்து திருக்குருகூரை அடைந்தார். மதுரகவிகளின் கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 உரு ஜபித்தார். நம்மாழ்வார் அருளால் ஆயிரமும், அதனோடு நாலாயிரமும் கிடைத்தன என்று குருபரம்பரை கூறும்.

பத்துப் பாசுரம் போதும் என்று அவர் அமைந்திருந்தால், இன்று திருவீதிகளில் பெருமானுக்கு முன்னே செல்லும் அருளிச்செயல் கோஷ்டி ஏது? திருநாமத்தின் பொருள் அவரிடத்தில் பலித்தது. ஒரு குழந்தையை ஆராவமுதன் என்று அழைக்கும் பெற்றோர் வேண்டுவதும் அதுவே. செல்வத்திலே நிறைவும், பகவத் விஷயத்திலே ஆராமையும் அவனுக்கு உண்டாகுக.