தண்டுவடக் காயமும் ஸ்டெம் செல்லும்

கேள்வி: விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடுவான் என்கிறார்கள். பணம் கட்டலாமா?
– வாசகர், கோட்டூர்புரம்

கட்ட வேண்டாம். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாக அளிக்கக் கூடாது. ஆய்வில் சேர்பவரிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. வீட்டு நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

புதிய வரவுகளில் மின்தூண்டல் நம்பிக்கை தருகிறது. தோலின் மேலிருந்தே தண்டுவடத்தைத் தூண்டும் கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால் அது கழுத்துப் பகுதியில் காயம்பட்டவர்களின் கைகளுக்கானது, கால்களுக்கு அல்ல.

இன்று உறுதியாகப் பலன் தருவது மறுவாழ்வுப் பயிற்சி. உடலைத் திருப்பிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண்ணைத் தடுப்பது, நேரம் தவறாமல் சிறுநீரை வெளியேற்றுவது, தோள்களை வலுவாக்குவது ஆகியவைதான் ஆயுளையும் சுதந்திரத்தையும் காக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸே விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர். கோட்டூர்புரத்தை ஒட்டியுள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸ், எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலியை 2019இல் வெளியிட்டது.

ஊசிக்கென ஒதுக்கிய பணத்தைப் பயிற்சிக்கும் நல்ல நாற்காலிக்கும் செலவிடுவதே சரி.