மலையில் ஓடும்போது கடைசி ஆள் யார்?

சித்திரை விளையாட்டு விழாவுக்காக நம் வாலிபர்கள் தேயிலை மலை வழியே கூட்டமாக ஓடிப் பழகுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒருமுறை ஒரு பையன் கானில் விழுந்து கால் பிசகிக் கிடந்தது, மற்றவர்கள் லயத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பிரட்டில் பேர் எடுப்பதுபோல, புறப்படும்போதும் திரும்பும்போதும் ஆட்களை எண்ணுங்க. நிதானமான ஒருவர் கடைசியாக ஓடட்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. விசிலும் அவரிடமே.

குளவிக்கூடு எங்கே என்று கொழுந்தெடுக்கும் அம்மாமாரைக் கேட்டுவிட்டு வழியைத் தீர்மானியுங்க. அவங்களுக்குத்தான் தெரியும். குளவி கலைந்தால் கையை வீசாமல், முகத்தை மூடி விலகி ஓடணும். கொட்டியபின் மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

சித்திரையில் பின்னேரம் இடி வரும். விடிந்தபின் காலையிலேயே ஓடி முடியுங்க.