போர்க்கால வெளியுறவில் அவை உறுப்பினரின் அறிவுரை: லிங்கன் – சம்னர் உறவை முன்வைத்து

முன்னுரை

போர்க்காலத்தில் ஆட்சித்தலைவர் அமைச்சரவைக்கு வெளியேயும் அறிவுரை நாடுவதுண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதலாண்டில், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் செனட் அவையின் வெளியுறவுக் குழுத் தலைவரான சார்லஸ் சம்னரைக் கலந்தாய்ந்தார். அவ்வறிவுரையின் பயனை 'டிரென்ட்' கப்பல் நிகழ்வின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

டிரென்ட் நெருக்கடி

1861 நவம்பர் 8 அன்று அமெரிக்கக் கடற்படை அதிகாரி சார்லஸ் வில்க்ஸ், 'டிரென்ட்' என்னும் பிரித்தானிய அஞ்சல் கப்பலைத் தடுத்து, அதில் பயணம் செய்த தென்மாநிலக் கூட்டமைப்பின் தூதுவர்களாகிய ஜேம்ஸ் மேசன், ஜான் சிலைடெல் ஆகிய இருவரையும் சிறைப்பிடித்தார். வடமாநில மக்கள் இதனைக் கொண்டாடினர். பிரதிநிதிகள் அவை வில்க்சுக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பிரித்தானியாவோ தூதுவர்களின் விடுதலையையும் மன்னிப்பையும் கோரியது. ஏழு நாளில் நிறைவான மறுமொழி கிட்டாவிடில் வாசிங்டனைவிட்டு நீங்குமாறு தன் தூதரைப் பணித்ததுடன், கனடாவுக்குப் படைகளையும் அனுப்பியது. ஒரே காலத்தில் இரு போர்களை நடத்த வேண்டிய இடர் லிங்கனை நெருங்கியது.

சம்னரின் பங்கு

அயல்நாட்டு உடன்படிக்கைகளுக்குச் செனட்டில் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் தேவை. எனவே அக்குழுத் தலைவரின் சொல்லுக்கு இயல்பாகவே மதிப்பிருந்தது. மேலும், பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அமைதியை வலியுறுத்திய ஜான் பிரைட், ரிச்சர்ட் காப்டன் ஆகியோர் சம்னரின் நண்பர்கள். அவர்கள் எழுதிய மடல்களை டிசம்பர் 25 அன்று கூடிய அமைச்சரவையில் சம்னர் படித்துக் காட்டினார். மறுநாள் அமைச்சரவை விடுதலைக்கு இசைந்தது. இம்முடிவு சம்னர் ஒருவரால் விளைந்தது எனல் பொருந்தாது. மறுமொழியை வரைந்தவர் அயலுறவுச் செயலர் வில்லியம் சீவர்டு ஆவார். எனினும், அரசுமுறை ஆவணங்கள் காட்டாத எதிர்த்தரப்பு மனநிலையை அமைச்சரவை அறியச் சம்னர் வழிசெய்தார்.

1862 ஜனவரி 9 அன்று அவர் செனட்டில் ஆற்றிய உரை மற்றொரு பணியைச் செய்தது. பிறநாட்டுக் கப்பல்களில் ஆள்பிடிக்கும் பிரித்தானிய வழக்கத்தை அமெரிக்கா நெடுங்காலம் எதிர்த்து வந்தது. ஆதலின், இவ்விடுதலை அமெரிக்கக் கொள்கைக்குக் கிடைத்த வெற்றியே என அவர் நிறுவினார். பணிவாகத் தோன்றிய செயல் கொள்கை உறுதியாக விளக்கம் பெற்றது.

முடிவுரை

திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம் பகைவலியையும் துணைவலியையும் ஒருங்கே எண்ணச் சொல்கிறது. பகையாக மாறவிருந்த நாட்டினுள்ளேயே துணை உண்டு என்பதைச் சம்னரின் மடல்கள் உணர்த்தின. ஆட்சித்தலைவருக்குப் புறக்குரலைக் கொணர்தல், எடுத்த முடிவை அவைக்கு விளக்குதல் ஆகிய இரண்டுமே போர்க்காலத்தில் அவை உறுப்பினர் ஆற்றத்தக்க கடமைகள் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.