தங்கச்சி, மியூட் போட்டாயா?

அடுத்த மாசம் உனக்கும் அறுபது. பென்சன் எடுத்தால் பொழுது எப்படிப் போகும் என்று இப்போதே முகத்தைத் தொங்கப்போடாதே. நான் மாத்தளையில் இருந்துகொண்டே சென்னை, லண்டன், டொரொன்டோ என்று இலக்கியக் கூட்டம் கேட்கிறேன். முதல் வருஷம் கண்டதையெல்லாம் கேட்டு, கண் எரிந்து, சோறு அடிப்பிடித்ததுதான் மிச்சம். இப்போது நாளுக்கு ஒன்றுதான்.

முதலில் மணிக் கணக்கு. சென்னைக்கும் நமக்கும் ஒரே நேரம். வெளிநாட்டு அழைப்பிதழ்தான் குழப்பும். டொரொன்டோவில் காலை 10 மணியும் லண்டனில் பிற்பகல் 3 மணியும் அவர்களுடைய கோடையில் நமக்கு இரவு 7.30. குளிர் காலத்துக்கு மணிக்கூட்டைத் திருப்பினார்கள் என்றால் 8.30. லண்டனில் அது ஒக்டோபர் கடைசி ஞாயிறு, டொரொன்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு. இது தெரியாமல் ஒரு மணித்தியாலம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். கலண்டரில் இப்போதே வட்டம் போடு.

புத்தகத்தை வாசிக்காமல் கலந்துரையாடலில் வாய் திறக்காதே. காசும் வேண்டாம், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. நம்மூர்க்காரர் மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் மூவருடைய கதைகள் சேர்ந்த ‘தோட்டக்காட்டினிலே’ இருக்கிறதா என்று தேடு. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவம் என்றால் என்ன என்று டொரொன்டோக்காரர் கேட்டால் பதில் சொல்ல உன்னைவிட ஆள் ஏது? ஸ்கேன் பண்ணிய பக்கம், போனை நிமிர்த்திப் பிடித்தால் எறும்பு ஊர்ந்த மாதிரித் தெரியும். குறுக்கே சரித்துப் பிடி. கொப்பியில் பக்க எண்ணோடு ஒரே ஒரு கேள்வி எழுதி வை. இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசாதே. டீச்சர் புத்தி நம்மை விடாது, தெரியுமே.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி முழங்கினால் ரூட்டர் வயரைக் கழற்றிவிடு. அந்த நேரத்துக்கென்று போனில் கொஞ்சம் டேட்டா ரீலோட் பண்ணி வை.

இனி மியூட். போன மாசம் பெரிய பேராசிரியர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் மீன்காரர். “சாளை நேற்றையதா?” என்று நான் கேட்டது மூன்று நாட்டுக்கும் கேட்டுவிட்டது. பேராசிரியரே சிரித்துவிட்டார்.

வருகிற சனிக்கிழமை டொரொன்டோ கூட்டம். ஏழேகாலுக்குப் போன் எடுப்பேன். அதற்குள் குக்கரை இறக்கி வைத்துவிடு.